பழைய மரப்படகுக்கு பைபர் போர்வை வேண்டாம்

லூமுட், பங்கோர், குவாலா செபெத்தாங் பக்கம் பழைய மரப்படகு ஒன்றை மலிவாக வாங்கிப் புதுப்பித்துவிடலாம் என்று கிளம்பும் இளையவர்கள் இப்போது பேராக்கில் கண்ணில் படுகிறார்கள். ஆசைக்குப் பெரும்பாலும் யூடியூப்தான் காரணம். 1910-ல் கட்டப்பட்ட டாலி ஹோ என்ற பாய்மரப் படகை லியோ கூல்டன் 2017-ல் வாங்கி 2024-ல் மறுபடியும் நீரில் இறக்கியதை உலகமே பார்த்தது. அவர் தொழில் பயின்ற படகுத் தச்சர் என்பதும், வேலை முடிந்தபோது அந்தப் படகில் பழைய மரம் மிகச் சொற்பமே மிஞ்சியது என்பதும் பார்த்தவர் மனத்தில் தங்குவதில்லை. படகு வந்து இறங்கிய சில மாதங்களில் வீட்டில் கேள்வி தொடங்கும். "இதை எப்பத்தான் முடிப்பே? பேசாம பைபர் போட்டுக் கடல்ல இறக்கு" என்பார் அப்பா. பிள்ளையும் போடுவான். வேடிக்கை பார்த்துத் தொடங்கிய வேலை இப்படி நெருக்குதலுக்குப் பணிந்து முடியும்போது, அடிபடுவது படகு.

உண்மையில் வழிகள் நான்கு. கெட்ட பலகைகளை மாற்றி, இணைப்புகளில் பருத்தித் திரி செருகிக் கலப்பத்து அடித்து, படகைப் படகாகவே ஓட்டலாம். கரையேற்றிக் காட்சிப்பொருளாக வைக்கலாம். வெளிப்புறம் முழுக்க பைபர்கிளாஸ் சுற்றலாம். அல்லது வங்குக்கால்கள் எனும் விலாச்சட்டங்களும் அடிமரமும் கைவிட்டுப்போன படகென்றால், நுணுக்கமாக அளந்து, படமெடுத்துக்கொண்டு, மரத்தை விட்டுவிடலாம். நான்காவது தோல்வியல்ல. அளவுகள் கையிலிருந்தால் அதே படகை இன்னொருவர் கட்ட முடியும். காட்சிப்பொருள் வழி சுலபம்போலத் தெரியும், ஆனால் வெயிலில் காய்ந்த படகின் பலகைகள் சுருங்கி இணைப்புகள் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். பத்து காஜா அருகே நிற்கும் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பலைப் பாருங்கள்: 1938-ல் கட்டிய இரும்பு மிதவை, 1982-ல் வேலை நின்றது. அதைக்கூடப் பெருஞ்செலவில் பழுது பார்த்த பிறகுதான் மக்களுக்குத் திறந்துவிட முடிந்தது. நிறுவனத்தின் பணபலம் இல்லாத தனியாள் இந்த வழியில் இறங்குமுன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

பைபரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் இன்று பெயர். பலகைப் படகு உயிருள்ள பொருள்போல நடந்துகொள்ளும். நீரில் இறங்கியதும் பலகை நீரைக் குடித்து அகலவாக்கில் உப்பும், இணைப்பில் அடித்த பருத்தித் திரியை இறுக்கும், கசிவு நிற்கும். நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை. 20 சென்டிமீட்டர் பலகை ஒரே ஒரு விழுக்காடு உப்பினாலும் 2 மில்லிமீட்டர் கூடுகிறது. பக்கத்துக்குப் பத்துப் பலகை என்றால் 2 சென்டிமீட்டர். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஓடு இப்படி விரியாது. உள்ளே மரம் தள்ளும், வெளியே ஓடு மறுக்கும். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது ஒட்டுதான்.

அந்த ஒட்டும் முதலிலேயே சந்தேகத்துக்குரியது. நம் பக்கத்துப் பழைய படகுகளில் நல்லவை செங்கால் மரத்தில் ஆனவை. கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள மரம் அது. அதிலிருந்தே குங்கிலியம் வடிப்பார்கள். அவ்வளவு இறுக்கமும் பிசுபிசுப்பும் உள்ள மரத்தில், அதுவும் பல ஆண்டு உப்புநீரில் ஊறிய மரத்தில், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் பிசின் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் கெடுதல் வேறு திசையிலிருந்து வருகிறது. மரப்படகை அழுகவைப்பது கடல்நீர் அல்ல, மழைநீர். உப்பு பூஞ்சையை ஒடுக்கும். நன்னீர் அதை வளர்க்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டுகிறது. மேல்தளத்து ஆணித்துளை வழியாக இறங்கும் அந்த நீர், பைபருக்கும் பலகைக்கும் இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு காற்றில் உலர்ந்த ஈரத்துக்கு இப்போது வெளியேற வழியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் புதுப்படகு. கொட்டாப்புளியால் தட்டிப்பாருங்கள், கிண்ணென்று ஒலிக்க வேண்டிய இடம் தொப்பென்று ஒலிக்கும். சிறு துளை போட்டால் பழுப்பு நீர் கசியும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, மாவாக உதிரும். அதற்குப் பிறகு பலகை மாற்ற வேண்டுமென்றால், பைபர் முழுவதையும் கிரைண்டரால் சுரண்டி எடுத்தாக வேண்டும். அந்தத் தூசியைத் தின்றுகொண்டு செய்யும் வேலையில் மிச்சமிருக்கும் மரமும் காயப்படும்.

மறுப்புகள் உண்டு. கப்பல்புழு மரத்தைத் துளைக்காமல் பைபர் காக்கும் என்பார்கள். காக்கும்தான், ஆனால் செம்பு கலந்த அடிப்பூச்சும், காலம் தவறாமல் கரையேற்றிக் காயவைப்பதும் அதே காரியத்தை மரத்தை மூச்சுமுட்ட வைக்காமலே செய்கின்றன. மரத்தில் பிசின் சுற்றிய எத்தனையோ படகுகள் உலகெங்கும் ஓடுகின்றனவே என்பது இன்னும் வலுவான கேள்வி. அவை ஒட்டுப்பலகையாலோ மெல்லிய மரப்பட்டைகளாலோ ஆனவை. உலர்ந்த மரத்தில், கட்டும்போதே எப்பாக்ஸியால் அடைக்கப்பட்டவை. முப்பது நாற்பது வருடம் நனைந்த பலகைப் படகோடு அவற்றுக்கு உறவில்லை. செங்கால் விலை கட்டுப்படியாகவில்லை என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கெட்ட பலகையை மட்டும் மாற்றுவதற்கு ஒரு படகளவு மரம் தேவைப்படாது. பம்பாயில் 1817-ல் தேக்கில் கட்டிய எச்.எம்.எஸ். டிரிங்கமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் மரத்தில் பெரும்பகுதி பழையதே. கெடாததைத் தொடாமல் விட்டதன் பலன் அது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: தோட்டப்புறத்தில் வெட்டிச் சாய்த்த பால்மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் பலகை போடுகிறவர்களும் உண்டு. மாவுச்சத்து நிறைந்த மரம். மருந்து ஏற்றி வீட்டுக்குள் நாற்காலி, மேசை செய்ய அருமையானது. படகில் போட்டால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து.

மரவேலை நம்மவருக்கு ஒத்துவராது, அது பங்கோர் சீனப் பட்டறைகளும் திரங்கானு மலாய்த் தச்சர்களும் செய்வது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய அன்னபூரணி 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. கை பழகாதது வேறு, கைக்கு வராதது வேறு. ஆனாலும் எல்லார் கைக்கும் வரும் என்றும் சொல்லமாட்டேன். ஓர் இணைப்பிலிருந்து பழைய பூச்சைக் கீறி எடுத்து, திரியைச் செருகி, உளியும் கொட்டாப்புளியுமாக ஒரே சீரான அழுத்தத்தில் இறுக்கிக்கொண்டே போவது அலுப்பான வேலை. அதிகம் அடித்தால் பலகை பிளக்கும், குறைத்தால் ஒழுகும். அந்த அலுப்பு ஒருவருக்குப் பிடித்திருந்தால் படகு அவருக்கு. கடலில் ஓட்டுவதுதான் பிடித்திருக்கிறது என்றால் ஆரம்பத்திலிருந்தே பைபரில் வார்த்த படகை வாங்கிக்கொள்ளட்டும். அதில் குறையேதுமில்லை, வீட்டிலும் நிம்மதி. எனக்கு மரத்தின் மேல் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. அதனாலேயே சொல்கிறேன்: மரத்தைப் பிடிக்காதவர் கையில் மரப்படகு சேரக் கூடாது. பெற்றோர்களும் இந்த வேலைக்குக் கெடு வைக்காதிருந்தால் நல்லது. ஈப்போவிலிருந்து வார இறுதியில் மட்டும் போய்ச் செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில்தான் நகரும்.

ஏற்கெனவே படகு வாங்கிவிட்டவர்கள் எந்த வழியென்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. முதலில் மேலே ஒரு கூரை போடுங்கள், பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள், அடியில் தேங்கிய மழைநீரை இறைத்துவிடுங்கள். பிறகு ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு பலகை பலகையாகக் குத்திப் பார்த்து, ஊசி இறங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அந்தக் குறிகளை எண்ணி முடிக்கும்வரை பிசின் கடைக்குப் போகாதீர்கள்.