துணைநோக்கிக்கு ஒரு பிடி

சிறிய தொலைநோக்கியின் முதுகில் அமர்ந்திருக்கும் துணைநோக்கியைப் பலர் அலங்காரம் என்றே எண்ணுகின்றனர். 50 மடங்கு உருப்பெருக்கத்தில் முதன்மைக் குழாய் காட்டுவது ஏறத்தாழ 1 பாகை வானமே. இரண்டு முழுநிலவுகளை அடுத்தடுத்து வைத்தால் நிரம்பிவிடும். 6 மடங்கே பெருக்கும் துணைநோக்கியோ சுமார் 7 பாகை காட்டும். வானில் வழி கேட்க வேண்டியது அதனிடந்தான்.

என் கருவியில் அதைத் தாங்கிய பிளாஸ்டிக் பிடி விருதுநகர் வெயிலில் இற்று ஒடிந்தது. சிவகாசிப் பக்கம் அட்டைக் குழாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் பனியில் நமுத்துப்போகும். ஆகவே துணைநோக்கியைவிடச் சற்று அகன்ற பி.வி.சி. குழாயில் 10 செ.மீ. துண்டு எடுத்தேன். இரு முனைகளிலும் 120 பாகை இடைவெளியில் மும்மூன்று துளைகளிட்டு, லேத் பட்டறையில் மரை வெட்டித் திருகாணிகள் பொருத்தினேன். ஒன்றைத் தளர்த்தி மற்றவற்றை இறுக்கினால் துணைநோக்கி வேண்டிய பக்கம் சாயும். பழைய பிடியின் அடிக்கட்டை தப்பியிருந்ததால், அதன்மேல் இத்துண்டை இரண்டு போல்ட்டுகளால் முடுக்கியாயிற்று.

இனி நேர்ப்படுத்தல். விண்மீன்கள் 4 நிமிடத்தில் 1 பாகை வரை நகர்ந்துவிடும். அநேகமாக அசையாத துருவ விண்மீனோ நம் ஊரில் அடிவானிலிருந்து ஒன்பதரைப் பாகை உயரமே, தூசியில் மறையும். ஆகவே பகலில், கதிரவனுக்கு முதுகுகாட்டி நின்று, அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நீர்த்தொட்டியின் உச்சியை முதன்மைக் குழாயின் நடுவில் நிறுத்துக. பிறகு துணைநோக்கியின் குறுக்குக்கோடுகள் அதே உச்சியில் வெட்டும்வரை திருகாணிகளைத் திருப்புக. அன்றிரவு வியாழன் முதல் முயற்சியிலேயே அகப்பட்டது. 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளில் மூன்று அருகே நின்றன.