காய்கறித் தோட்டத்தில் களைக்கொத்தைப் பயன்படுத்தும் முறை

களைக்கொத்து என்பது இரும்பு அலகும் மரக்காம்பும் கொண்டு, மேல்மண்ணை மெல்லச் சீவிக் களைச்செடிகளைத் தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே அறுத்துப் போடும் கைக்கருவி. மண்ணைத் தோண்டிப் புரட்டும் மண்வெட்டியிலிருந்து அது வேறுபடுவது இச்செயலினால்தான். இவ்வேறுபாட்டைக் கருதாமல் களைக்கொத்தை ஓங்கி ஆழமாக இறக்கும்போது இரண்டு கேடுகள் ஒருங்கே நேர்கின்றன: மேல்மண்ணில் பரவியிருக்கும் பயிரின் பக்கவேர்கள் அறுபடுகின்றன, மண்ணுக்கடியில் உறங்கிக் கிடந்த களைவிதைகள் மேலே வந்து முளைக்கின்றன. முள்ளுக்கீரை, பருப்புக்கீரை போன்றவற்றின் பொடிவிதைகள் முளைப்பதற்கு வெளிச்சம் துணைசெய்வதால், ஆழக் கொத்திய பாத்தியில் பத்து நாளில் புதிய களை பச்சைப் போர்வையாய் விரிவதை எந்தத் தோட்டத்திலும் காணலாம். ஆகவே அலகு மண்ணுக்குள் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பதே இக்கருவியின் முதல் விதி.

இரண்டாவது விதி காலத்தைப் பற்றியது. பயிருக்கும் களைக்கும் இடையே நீர், உரம், வெளிச்சம் ஆகியவற்றுக்கான போட்டி பயிரின் வாழ்நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்கு நாள்களில்தான் அது விளைச்சலை நிலையாகக் குறைக்கிறது. வேளாண் நூல்கள் இதனைக் களைப்போட்டியின் நெருக்கடிக் காலம் என்கின்றன. நூறு நாள் அளவில் முடியும் வெண்டைக்கு இது முதல் மாதத்தில் அடங்கும். வெங்காயத்திற்கோ இக்காலம் நீளும். அதன் இலைகள் ஒடுங்கி நிமிர்ந்து நிற்பதால் தரையில் நிழல் விழுவதில்லை, நிழல் விழாத மண்ணில் களை முளைத்துக்கொண்டே இருக்கும். கத்தரியும் தக்காளியும் கிளைவிட்டுத் தரையை மறைத்துவிட்டால், அதன்பின் முளைக்கும் களையைப் பெரும்பாலும் அவையே அடக்கிக்கொள்கின்றன.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அலகின் அகலத்தை வரிசை இடைவெளியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தக்காளி, மிளகாய் ஆகியவை வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டு நடப்படுவதால் 15 சென்டிமீட்டர் அலகு அங்கே தாராளமாக இயங்கும். பாரின் இருபுறமும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றப்படும் சின்ன வெங்காயத்திற்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு கொத்தே ஏற்றது. அலகையும் காம்பையும் இணைக்கும் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஆடினால் மர ஆப்பு அடித்துக்கொள்ள வேண்டும். ஆடும் அலகு ஒவ்வொரு இழுப்பிலும் வேறு ஆழத்தில் பாயும். பயிர்த்தண்டில் காயம் படுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

அலகின் கூர்மைக்குத் தரப்பட வேண்டிய மதிப்பு பொதுவாகத் தரப்படுவதில்லை. அரிவாளைத் தீட்டாமல் அறுவடைக்கு இறங்காத உழவரும் முனை மழுங்கிய களைக்கொத்தோடு தோட்டத்தில் இறங்குகிறார். மழுங்கிய அலகு களையை அறுப்பதற்குப் பதில் வளைத்துச் சாய்த்துவிட்டுப் போகும். சாய்ந்த களை மறுநாள் நிமிர்ந்துவிடும். வேலை செய்பவர் அதை ஈடுகட்டக் கருவியை ஓங்கத் தொடங்குவார். கருவியை அசையாமல் பிடித்து, தட்டையான அரத்தால் அலகின் ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் சரிவாகத் தேய்க்க வேண்டும். விளிம்பு முழுவதும் புதிய இரும்பின் வெள்ளைக்கோடு தொடர்ச்சியாகத் தெரியும்போது கூர் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். சரளை கலந்த செம்மண்ணில் விளிம்பு விரைவில் மழுங்குவதால் அரத்தை இடுப்பிலோ வரப்பிலோ வைத்துக்கொண்டு இடையிடையே இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வது நல்லது. அலகு தேய்ந்து கட்டையாகிவிட்டால் கொல்லுப்பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி அடித்து வாங்க வேண்டும்.

களைக்கொத்தின் வேலை விதைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. பாத்தியையோ பாரையோ நடவுக்கு முழுமையாகத் தயார்செய்தபின், உடனே விதைக்காமல் ஒரு தண்ணீர் பாய்ச்சி ஏழு முதல் பத்து நாள் விட்டுவைத்தால், மேல்மண்ணில் உள்ள களைவிதைகளில் பெரும்பகுதி முளைத்து வெளிவரும். அவற்றைக் களைக்கொத்தால் மேலாகச் சீவி, வெயிலில் வாடவிட்டு, மண்ணை மீண்டும் கிளறாமலே விதைக்கவோ நாற்றை நடவோ செய்யலாம். பொய்விதைப்பு எனப்படும் இம்முறையில் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்பது உண்மை. ஆனால் பின்னால் செய்ய வேண்டிய களையெடுப்பில் ஒன்று குறைந்துபோவதால் அந்த வாரம் வீணாவதில்லை. விதைப்பை வரிசையாகச் செய்வது இங்கே இன்றியமையாதது. கைவிதைப்பாகத் தூவிய பாத்தியில் களைக்கொத்துக்கு வழியே இராது, விரலால் பிடுங்குவதுதான் எஞ்சும்.

பயிர் முளைத்தபின் அல்லது நட்டபின் முதற் களையெடுப்பைக் களை கண்ணில் உறுத்தும்வரை தள்ளிவைக்கக் கூடாது. விதையிலிருந்து வந்த களைக்கன்று இரண்டு இலை விட்டிருக்கும் நிலையில், பாத்தியில் ஒரு பிடி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தால், வெள்ளை நூல்போல் மெல்லிய வேரும் தண்டுமாய் அது தெரியும். களைக்கொத்து மேலே உரசிச் சென்றாலே அந்நூல் அறுந்து, ஒரு மணி நேர வெயிலில் இருந்த இடம் தெரியாமல் சுருண்டுவிடும். அதே களை ஒரு சாண் உயரம் வளர்ந்து ஆணிவேர் இறக்கியபின் ஒவ்வொன்றையும் தனித்தனியே கொத்த வேண்டியிருக்கிறது. ஆதலால் வாரத்திற்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை மேலோட்டமாகச் சீவுவது, மாதத்திற்கு ஒருமுறை பாடுபட்டுக் கொத்துவதைவிடக் குறைந்த உழைப்பையே கேட்கிறது.

மண்ணின் பதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டையாகச் சேர்ந்து, விரலால் தட்டினால் உதிர்ந்துபோக வேண்டும். சேறாக ஒட்டும் மண்ணில் அலகு இழுபட்டுக் கட்டி எழும்பும், மிதிபட்ட இடம் இறுகும். கல்லாகக் காய்ந்த மண்ணில் அலகு வழுக்கிப் பயிர்மேல் பாயும். தண்ணீர் பாய்ச்சிய பின் செம்மண் ஓரிரு நாளில் பதத்திற்கு வந்துவிட, நீரைப் பிடித்துவைக்கும் கரிசலுக்கு அதைவிடக் கூடுதல் நாள்கள் வேண்டும். பதமான நாளில், பனி உலர்ந்த காலைநேரம் மிகவும் ஏற்றது: அறுபட்ட களைக்கு நண்பகல் வெயில் முழுவதும் கிடைக்கிறது, வேலை செய்பவரோ உச்சிவெயிலுக்கு முன் கரையேறிவிடலாம். சீவி முடித்த பாத்திக்கு அன்றே தண்ணீர் விட்டால் அறுபட்ட களைகளில் பல மீண்டும் வேர் பிடிக்கும். ஆகவே குறைந்தது ஒரு நாளாவது காயவிட வேண்டும்.

சீவும் முறை எளியது. வாய்க்காலில் நின்று பாரின்மேல் வேலை செய்ய வேண்டும். சீவிய மண்ணை மிதித்தால் அறுபட்ட களை மண்ணோடு அழுந்தி உயிர்த்துவிடுமாதலால், கால் எப்போதும் சீவாத பக்கத்திலேயே இருக்கட்டும். அலகைக் களைக்கு அப்பால் மெதுவாக ஊன்றி, தரைக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்து, தன்னை நோக்கி ஒரு சாண், இரண்டு சாண் தொலைவுக்குச் சீராக இழுக்க வேண்டும். அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் சிறிது படிந்து விழுந்தால் இடையில் களை தப்பாது. செடியை நெருங்கும்போது இழுப்பு செடிக்கு இணையாகவோ அதிலிருந்து விலகியோ செல்ல வேண்டும், செடியை நோக்கி ஒருபோதும் வரக்கூடாது. தண்டைச் சுற்றி நான்கு விரற்கிடை அளவுக்கு அலகைக் கொண்டுசெல்லாமல் அங்குள்ள களையைக் கையால் பிடுங்குவதே பாதுகாப்பு. வேர்கள் மிக மேலாக ஓடும் வெங்காயத்தில் வரிசைகளுக்கிடையே மட்டும் சீவி, செடிகளுக்கிடையே கையால் பிடுங்க வேண்டும். கொடி படர்ந்தபின் பூசணி, வெள்ளரி வகைகளுக்கு மேற்சொன்ன நான்கு விரற்கிடை எல்லையை இன்னும் அகலமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்தபின், வாய்க்கால் மண்ணைச் சீவித் தண்டோரம் அணைத்தால், வரிசைக்குள் முளைத்த சிறுகளைகள் மூடுண்டு மடியும். செடியும் சாயாமல் நிற்கும். மழைக்குப்பின் செம்மண்ணில் இறுகும் பொருக்கு இச்சீவலால் உடைந்து காற்றும் நீரும் உள்ளிறங்க வழி ஏற்படுவது கூடுதல் நன்மை.

எல்லாக் களையும் இம்முறைக்குப் பணிவதில்லை. கோரை மண்ணுக்கடியில் கிழங்குகளைச் சங்கிலித் தொடராகக் கோத்துவைத்திருக்கிறது. மேலே அறுத்தால் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். ஆழக் கொத்தினால் சங்கிலி துண்டாகி, அதுவரை அடங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைவிடும். புதிய தளிர் மேலே வந்த சில வாரங்களில் புதுக்கிழங்கு கட்டத் தொடங்குவதால், அதற்கு முன்பே, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தவறாமல் தளிரை அறுத்துவந்தால் கிழங்கின் சேமிப்பு கரைந்து வலுக்குறையும். பயிரில்லாத கோடையில் மண்வெட்டியால் புரட்டிக் கிழங்குகளை வெயிலில் காயவிடுவது இதற்குத் துணைசெய்யும். அருகம்புல்லின் ஓடுதண்டில் ஒரு கணு எஞ்சினாலும் அது வளரும். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி வெளியேற்றியே தீர வேண்டும், மாட்டுக்கு அது நல்ல தீனியும் ஆகும். சதைப்பற்றுள்ள பருப்புக்கீரை அறுபட்டபின்னும் பல நாள் வாடாமல் கிடந்து ஈரம் பட்டதும் வேர்விடுவதால் அதையும் பாத்தியில் விடக்கூடாது. இளசாக இருந்தால் அடுப்படிக்கே போகலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் அகற்ற வேண்டும். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியதாகையால் கையுறை இன்றித் தொடலாகாது. பூவும் விதையும் வைக்காத பிற களைகளைப் பாத்தியிலேயே மூடாக்காக, அதாவது மண்ணை மறைக்கும் போர்வையாக, விட்டுவிடலாம். விதை பிடித்தவற்றை அப்புறப்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டத்தில் விதைத்த காய்கறிக்கு ஆவணி, புரட்டாசி வெயில் நாள்களே களைக்கொத்தின் நாள்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் அறுத்த களை காயாது, மண்ணும் பதத்திற்கு வாராது. எனவே மழைக்கு முன் இரண்டு, மூன்று முறை சீவி முடித்து, வரிசைகளுக்கிடையே வைக்கோலையோ சருகையோ தடிமனாகப் பரப்பிவிடுவது அறிவுடைமை. மழைக்காலத்தில் முளைப்பதைக் கையால் பிடுங்கி வரப்பில் குவிக்க வேண்டும்.

காம்பின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் களையெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையில் இருப்பதோ, முழங்கை நீளக் காம்புள்ள கொத்து. குனிந்தோ குந்தியோ நாள் முழுவதும் அதனோடு வேலை செய்வது இடுப்பையும் முழங்காலையும் தேய்க்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லெட்டூஸ் முதலிய பயிர்களின் வயல்களில் தொழிலாளர்களுக்கு இத்தகைய குட்டைக்கொத்தே கட்டாயமாகத் தரப்பட்டது. குட்டைக்காம்பில்தான் வேலை நுட்பமாக அமையும் என்பது பண்ணையாளர்களின் வாதம். முதுகெலும்பு கெடுகிறது என்ற தொழிலாளர்களின் வழக்கிற்குப் பின் 1975இல் அக்கருவி அங்கே தடைசெய்யப்பட்டது. நெடுங்காம்புக் கொத்தோடு பயிர்த்தொழில் தொடர்ந்தே நடந்தது. வரிசையாக நட்ட தோட்டத்தில், தரையில் ஊன்றினால் தோளளவு வரும் காம்பும், நிமிர்ந்து பிடிக்கும்போது தரையோடு ஏறக்குறையப் படியும் அலகும் கொண்ட கருவியால், முதுகை வளைக்காமலே மேற்கூறிய வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். கால் மணிக்கு ஒருமுறை கைகளை முன்பின்னாக மாற்றிக்கொண்டால் தோளும் களைக்காது. தண்டோரக் களையை மட்டும் குனிந்து கையால் பிடுங்கினால் போதும். கூலிக்கு ஆள் வைக்கும் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் அடுத்த பட்டத்திற்கு முன் கொல்லுப்பட்டறைக்குச் சென்று, அத்தனை பேருக்கும் தோளளவுக் காம்பு போட்ட கொத்துகளைச் செய்து வாங்கித் தர வேண்டும்.