திரைப்படக் கல்விக்குக் கடன் கேட்குமுன்

திரைப்படம் எடுக்கப் பயில்வது வேறு. திரைப்படத்தை ஆராயப் பயில்வது வேறு. கல்விக் கடன் நாடி வரும் பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றெனவே கருதுகின்றனர். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் வழங்கும் திரைப்பட ஆய்வு முதுகலை 2 ஆண்டுப் படிப்பு. வரலாறும் கோட்பாடுமே அங்கு முதன்மை. 1960இல் தொடங்கப்பெற்ற புனே திரைப்படக் கல்வி நிறுவனத்தில் இயக்கம் பயில 3 ஆண்டுகள்; நுழைவுத் தேர்வு உண்டு. இளநிலைப் பட்டம் எத்துறையிலும் இருக்கலாம். (என்னைப் போன்ற வணிகவியலாருக்கும் கதவு திறந்தே இருந்திருக்கிறது!)

சென்ற ஆண்டு ஒரு தந்தை, தனியார் பயிற்சி நிலையமொன்றில் முன்பணம் கட்டிய ரசீதுடன் வந்தார். சேர்க்கைக் கடிதத்தில் எப்பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. கடன் வழங்க இயலவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. எனவே பணம் செலுத்துமுன்பே சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் கிளையில் காட்டுங்கள்.