முளை கட்டுதற்குரிய தானியம்: கொள்முதலும் பாதுகாப்பும்

கொங்கு நாட்டுப் புன்செய்க் குடியானவர்களுக்குச் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைச் சேமிக்கும் விதத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. குதிரிலும், மொடாவிலும், மண்ணில் தோண்டிய குழியிலும் தானியத்தை வைத்து, மழை பொய்த்த வருஷங்களையும் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அம்முறைகளிற் பெரும்பாலானவை உண்ணும் தானியத்தை உத்தேசித்து ஏற்பட்டவை. இக்காலத்தில் கேழ்வரகு மால்ட், சோள மால்ட் முதலியவற்றைக் குடும்ப உபயோகத்திற்கும் விற்பனைக்கும் தயாரிப்போர் பலர். அவர்கள் மூட்டைக் கணக்கில் தானியம் வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கும்போது உண்ணும் தானியத்திற்கும் முளை கட்டும் தானியத்திற்கும் உள்ள பேதத்தைக் கவனியாமையால் நஷ்டம் நேரிடுகிறது. முளை கட்டுதற்குரிய தானியத்தை விதையைப் போல் வாங்கி, விதையைப் போல் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

மால்ட் என்பது யாது?

தானியத்தை நீரில் ஊற வைத்து, முளைக்கச் செய்து, தக்க தருணத்தில் முளையை நிறுத்தி உலர்த்தினால் கிடைப்பதே மால்ட். முளைக்கும் சமயத்தில் தானியத்தினுள் ‘அமிலேஸ்’ என்னும் நொதிப்பொருள் உண்டாகி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். இக்காரணத்தால் மால்ட் கஞ்சி நீர்த்து, இனிப்புடன், எளிதில் ஜீரணமாவதாக அமைகிறது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது உகந்ததாவது இதனாலேயே.

மேல்நாட்டார் இந்த மால்ட்டைக் கொண்டே பீர் வடிக்கின்றனர். அவர்களுக்கு வாற்கோதுமை முக்கியம். நம் தேசத்தில் அது ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் முதலிய வடபகுதிகளில் விளைவது. ஆப்பிரிக்காவில் சோளமும், இமயமலைப் பிரதேசங்களில் கேழ்வரகும் இவ்வாறே பயன்படுகின்றன. 1988-ம் ஆண்டில் நைஜீரியா தேசத்து அரசாங்கம் வாற்கோதுமை மால்ட் இறக்குமதியைத் தடுத்தபோது, அங்குள்ள பெரிய ஆலைகள் உள்நாட்டுச் சோளத்தின்பால் திரும்பின. நமது ராஜ்யத்தில் அனுமதியின்றி வீட்டில் மது வடித்தல் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டம் முதன்முதல் அமலுக்கு வந்தது நமக்கு அடுத்த சேலம் ஜில்லாவிலேயே. ஆகவே இங்கு நாம் கூறுவது உணவுக்கான மால்ட்டைப் பற்றியே.

எனினும் பீர் வடிப்போரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவர்கள் தானியத்தின் நிறத்தையும் பருமனையும் மாத்திரம் பார்த்து விலை பேசுவதில்லை. நூறு மணியில் எத்தனை முளைக்கும் என்பதை முதலில் அறிந்து கொள்கின்றனர். தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த வாற்கோதுமையை மால்ட்டுக்கு உகந்ததாக அவர்கள் கருதுவதில்லை.

முளையாத மணியால் வரும் தீங்கு

உயிரற்ற மணியும் ஊறும், ஆனால் முளைக்காது. ஈரத்துடன் இரண்டு மூன்று நாள் கிடக்கையில் அது புளித்து, அதன்மேல் பூஞ்சை படரும். அப்பூஞ்சை பக்கத்திலுள்ள நல்ல மணிகளையும் பற்றும். நூற்றுக்கு 60 முளைக்கும் தானியத்தில் 100 கிலோ வாங்கியவர், 40 கிலோவை நஷ்டப்படுவதோடன்றி மிஞ்சிய 60 கிலோவையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

பூஞ்சையை அற்பமாக எண்ணலாகாது. அதில் சில வகைகள் ‘அஃப்ளடாக்ஸின்’ என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1974-ம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட கிராமவாசிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றும் நீங்காது. ஆகையால் முளை கட்டும்போது பூஞ்சை கண்ட தானியத்தைக் கழுவி உபயோகிக்க முயலாமல் அப்புறப்படுத்துவதே தக்கது. மாட்டுக்கும் கோழிக்கும் அதனை இடுதல் கூடாது.

வாங்கும் சமயத்தில் கவனிக்க வேண்டியவை

(1) காலம். புரட்டாசிப் பட்டத்து மானாவாரிச் சோளம் தை மாதத்தில் களத்துக்கு வருகிறது. அதன்பின் வரும் மாசி, பங்குனி மாதங்களில் காற்று வறண்டிருப்பதால் தானியத்தை நன்கு உலர்த்தலாம். வரத்து மிகுந்திருக்கும் அப்போது விலையும் நயமாக இருக்கும். அறுத்தவுடன் சில தானியங்கள் உறக்க நிலையிலிருந்து சரியாக முளைப்பதில்லை. இதனைக் கெட்ட தானியமென்று தள்ளாமல், சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

(2) மாதிரி எடுத்தல். மூட்டையின் வாயில் தெரியும் தானியத்தைக் கண்டு மயங்கலாகாது. குத்தூசியினால் மேலும் நடுவிலும் அடியிலும் குத்தி, பல மூட்டைகளிலிருந்தும் மாதிரி எடுத்துக் கலந்துகொள்க. பொக்கு, உடைந்த மணி, வண்டு துளைத்த மணி, கறுத்த மணி ஆகியவை எவ்வளவு என்று பார்க்க. முகர்ந்து பார்க்கையில் மக்கல் வாடை வீசுமாயின் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்க வேண்டாம்.

(3) முளைப்புச் சோதனை. கலந்த மாதிரியிலிருந்து பொறுக்காமல் 100 மணிகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் காத்து வருக. நான்காம் நாள் பிரித்து, வேரும் முளையும் ஒழுங்காக விட்டவற்றை எண்ணுக. இவ்வாறு வேறு வேறு நூறு மணிகளைக் கொண்டு நான்கு முறை சோதித்துச் சராசரி காண்பது உத்தமம். சோளம், கம்பு, கேழ்வரகு விதைகளுக்கு அரசாங்கம் விதித்துள்ள குறைந்த அளவு 75. மால்ட்டுக்கு 90-க்குக் குறையாதிருப்பது நலம். இச்சோதனைக்கு வேண்டுவது ஒரு துணியும் நான்கு நாள் பொறுமையுமே. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்த பின்னரே பேரம் முடிக்க வேண்டும்.

(4) ஈரம். முன்னாளில் வள்ளத்தால் அளந்து வாங்கினர். இந்நாளில் எடை போட்டு வாங்குகிறோம். எடையில் நீரும் சேரும் என்பதை மறக்கலாகாது. நூற்றுக்கு 16 பங்கு ஈரமுள்ள 100 கிலோ தானியத்தை 12 பங்கு ஈரத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 95½ கிலோவே மிஞ்சும். எஞ்சிய 4½ கிலோ, தானிய விலைக்கு வாங்கிய தண்ணீராகும். ஈரத்தை அறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் பாதியளவு தானியமும், வெயிலில் நன்கு காய்ந்த பொடியுப்பு இரண்டு மூன்று கரண்டியும் இட்டு மூடி, 10 நிமிஷம் குலுக்கிச் சிறிது நேரம் வைத்திருக்க. சீசாவின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேலுள்ளது எனத் தெளியலாம். ஒட்டாவிடினும் 12 பங்குக்கு வந்துவிட்டதென்று நிச்சயமில்லை. மேலும் ஓரிரு நாள் உலர்த்துதல் வேண்டும்.

(5) மருந்திட்ட விதை. முளைப்பு நன்றாயிருக்கிறதென்று கருதி, விதைப்பதற்காக மருந்து கலந்து சாயமேற்றிய விதையை மால்ட்டுக்கு எடுத்தல் கூடவே கூடாது. அது நஞ்சு, கழுவினாலும் போகாது.

உலர்த்தும் விதம்

உண்ணும் தானியத்தைச் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் காயப்போட்டால் வண்டுகள் மடியும், தானியத்துக்கும் குறையில்லை. முளை கட்டும் தானியத்துக்கோ அவ்வெயில் ஆகாது. 40 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில், அதிலும் ஈரம் மிகுந்திருக்கும்போது, முளைக்கரு நலிந்துவிடும். ஆகையால் காலையிலும் மாலையிலும் மெல்லிய படையாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். உலர்ந்த தானியம் ஆறிய பின்னரே மூட்டையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சேமிக்கும் விதம்

விதையின் ஆயுளைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஹாரிங்டன் கூறிய கணக்கு குடியானவர் யாவரும் நினைவில் வைக்கத் தக்கது. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும். 14 பங்கு ஈரத்தை 12 ஆக்கினால் ஆயுள் நான்கு மடங்காகும். இதற்கு ஆகும் செலவு சில நாள் வெயிலும் ஆள் கூலியுமே.

நமது பழைய தானியக் குழி உண்ணும் சோளத்துக்கு மிகச் சிறந்ததே. குழியை மூடியபின் உள்ளிருக்கும் பிராணவாயு குறைந்து கரியமில வாயு பெருகுவதால் வண்டுகள் மடிகின்றன. ஆனால் பக்கச் சுவரின் ஈரமும் உள்ளே எழும் உஷ்ணமும் முளைக்கருவைக் கெடுத்துவிடும். குழிச் சோளம் சோற்றுக்கு ஆகுமேயன்றி விதைக்கும் மால்ட்டுக்கும் ஆகாது. இன்னும் ஓர் எச்சரிக்கை: திறந்த குழியில் உடனே ஆளை இறக்குதல் உயிருக்கே ஆபத்து. அதிலுள்ள காற்று மூச்சுக்கு உதவாது. நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே, மேலே துணையாளை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டி இறக்க வேண்டும்.

சாக்கில் வைப்போர் பழஞ்சாக்கை வெந்நீரில் நனைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி உபயோகிக்க. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஆள் நடமாட வழி விடுக. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஈரக்காற்றும், ஐப்பசி மழையும் தானியத்தின் ஈரத்தை மீண்டும் ஏற்றும். அக்காலத்தில் மாதம் இருமுறையேனும் மூட்டைகளைச் சோதிக்க வேண்டும்.

நன்கு உலர்ந்த தானியத்துக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைப்பை மிகவும் உகந்தது. பையினுள் வண்டிருப்பினும் காற்றின்றி மடியும், வெளியீரமும் உட்புகாது. ஈரத் தானியத்தை அதில் இட்டாலோ முளைப்பும் கெட்டுப் பூஞ்சையும் பிடிக்கும்.

வண்டும் அந்தும்

கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெப்ப காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய வண்டு வெளிவரும். அந்துப்பூச்சியோ வயலிலேயே கதிரில் முட்டையிட்டு, தானியத்தோடு வீட்டுக்கு வந்து சேரும். ஆகவே வண்டு கண்ணுக்குத் தெரிந்த பின் முயல்வது காலங்கடந்த முயற்சியாகும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்த துளைக்குழாய்ப் பொறியைத் தானியத்துள் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே விழுந்து வெளியேற மாட்டாமல் அகப்படும். வண்டு வந்ததைத் தொடக்கத்திலேயே அறிவதற்கு இது நல்ல துணை. வேப்பிலை, நொச்சியிலை ஆகியவற்றை இடையிடையே இடுவது வண்டுகளை ஓரளவு விலக்கும். மணிக்குள் இருக்கும் புழுவை அது கொல்லாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டில் வைப்பது மனித உயிரைப் போக்கும். உரிமம் பெற்றவர்கள் மாத்திரமே அதனைக் கையாளுதல் வேண்டும்.

எந்தத் தானியத்தை எவ்வளவு வாங்கலாம்?

கேழ்வரகின் மணி சிறிதாகவும் கெட்டியாகவும் இருப்பதால் வண்டு அதனை எளிதில் தாக்குவதில்லை. உலர்ந்த கேழ்வரகு பல வருஷம் கெடாது. ஆதலால் ஒரு வருஷத் தேவையை ஒருங்கே வாங்கலாம். சோளத்தைக் கூன்வண்டு விரும்புமாதலால் காற்றுப் புகாத பை இல்லாதவர்கள் ஐப்பசி மழைக்கு முன் தீரும் அளவே வாங்குவது புத்தி. மாதம் 5 கிலோ மால்ட் வேண்டுவோர் அதற்குரிய தானியத்தை மாதந்தோறும் முளை கட்ட வேண்டுமேயன்றி, முழுவதையும் ஒரே முறையில் மால்ட்டாக்கி வைத்தல் கூடாது. முளைத்து உலர்ந்த மணி பொரபொரத்து நெகிழ்ந்துவிடுவதால் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். வண்டும் எளிதில் துளைக்கும்.

சோளத்தை முளை கட்டுவோருக்குத் தனியே ஒன்று கூற வேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விஷமேறிச் சாவதை நம் குடியானவர்கள் அறிவர். அதே விஷத்துக்கு மூலமான பொருள் சோள முளையிலும் உண்டு. ஆகையால் முளைச் சோளத்தை நன்கு உலர்த்தி, கையால் தேய்த்து, முளையையும் வேரையும் முற்றும் புடைத்து நீக்கிய பின்னரே வறுத்து மாவாக்க வேண்டும். பச்சை முளையோடு உண்ணலாகாது.

கிராம அதிகாரிகளும் சங்கத்தாரும் செய்யத் தக்கது

1923-ம் ஆண்டில் கோயமுத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது முதல் நமது புன்செய்த் தானியங்களில் அநேக நல்ல ரகங்கள் வெளிவந்துள்ளன. 1933-ம் ஆண்டுச் சந்தைச் சட்டப்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு ஏற்பட்ட ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைப் பின்பற்றி, இன்று பல ஊர்களில் அத்தகைய கூடங்கள் உள்ளன. அங்குத் தானியத்தை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறவும் வழியுண்டு. அவசரத்துக்குப் பணம் வேண்டித் தை மாதத்தில் மலிவாக விற்று, ஐப்பசியில் அதே தானியத்தை அதிக விலைக்கு வாங்கும் துர்ப்பாக்கியம் இதனால் நீங்கும். கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும் இவ்வசதியைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். மேலும் குத்தூசி ஒன்று, ஈரமானி ஒன்று ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைத்தால், சிறு குடியானவரும் வியாபாரியோடு சமமாக நின்று பேரம் பேசக்கூடும்.

உலர்த்திய சோளத்தைப் பார்த்தவுடன் அதில் உயிர் இருக்கிறதா, இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. நனைத்த துணியே அதனைக் கூறும். வருகிற தை அறுவடையில் தானியம் வாங்க உத்தேசித்துள்ளவர்கள் பணப்பையைத் திறப்பதற்கு நான்கு நாள் முன்னதாக அத்துணியை நனைப்பார்களாக.