மெர்சென் எண்ணைச் சோதிக்கத் தாளும் பேனாவும் போதும்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதிசெய்த லூகாஸ்–லெமர் சோதனையைப் பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் சின்ன மெர்சென் எண்ணில், அதாவது 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்த எண்ணில், செய்து பார்க்கலாம்.

முதலில், அடுக்கு பகா எண்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்: 2⁹ − 1 = 511 = 7 × 73.

அடுத்து, 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ, அத்தனை சுற்று. 2⁷ − 1 = 127-க்கு 5 சுற்று.

பலரும் தடுமாறுவது மீதி எடுக்கும் இடத்தில்தான். 127-ஆல் நீள்வகுத்தல் போட உட்கார்ந்தால் மூன்றாவது சுற்றிலேயே சலிப்பு வந்துவிடும். அது தேவையே இல்லை. 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 128 என்பது 127-ஐவிட ஒன்றுதான் அதிகம். அதனால் ஒவ்வொரு 128-உம் 1-ஐ மிச்சம் வைக்கிறது. கூட்டுத்தொகை 127-ஐத் தாண்டினால் 127-ஐக் கழித்துவிடுங்கள். சரியாக 127 வந்தால் அது பூஜ்யம்.

4-இன் வர்க்கத்தில் 2 போனால் 14. அடுத்தது 194, அதில் ஒரு 128 போக 66, கூட்டினால் 67. 67-இன் வர்க்கத்தில் 2 குறைய 4487. அதில் 35 முறை 128 போக மீதி 7, ஆக 42. அடுத்து 1762, 13-உம் 98-உம் சேர்ந்து 111.

இங்கே 111-ஐ வர்க்கப்படுத்தாதீர்கள். பாதிக்கு மேல் போன மீதியைக் குறை எண்ணாக மாற்றிக்கொண்டால் கணக்கு எளிதாகும். 111 என்பது −16. வர்க்கம் 256, 2 போனால் 254, அதாவது 127-இன் இரு மடங்கு. ஐந்தாவது சுற்றில் பூஜ்யம்: 127 பகா எண்.

கடைசிச் சுற்றில் பூஜ்யம் வராவிட்டால் அது பகு எண். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பதாவது சுற்றில் 1736 நிற்கும். ஆனால் 23, 89 என்ற காரணிகளை இந்தச் சோதனை காட்டாது. அவற்றைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

எத்வார் லூகாஸ் 1876-இல் 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று கைக்கணக்கிலேயே நிறுவினார். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் எதுவும் தெரியவில்லை. சோதனையை இன்றைய எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் டி. எச். லெமர்.

அடுத்து 2¹³ − 1 = 8191-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11 சுற்று. பத்தாவதில் 128 வந்தால், நீங்கள் போட்ட கணக்கு சரி.