ரத்தம் வரலைன்னாலும் தலையில பட்ட அடி அடிதான்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வது? இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். ரத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுறோம். வரலைன்னா எண்ணெய் தடவி, "சரியாப் போயிடும்"னு விட்டுடறோம். ஆபத்து அங்கேதான் இருக்கு.

மூளை அதிர்ச்சி என்றால் என்ன?

தலை வேகமாக மோதும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. வெளியே காயமே இருக்காது. மயக்கம் வந்தே தீரணும்னும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் இதன் அறிகுறிகள். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் ரத்தம் கசியலாம். அது பல மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

நர்ஸ் இருக்கும் பள்ளியில்

நகரத்துப் பெரிய பள்ளிகள் சிலவற்றிலும் விடுதிப் பள்ளிகளிலும் நர்ஸ் இருப்பார். அவர் செய்வது நாலு வேலை:

1. அடிபட்ட நேரத்தையும் விதத்தையும் எழுதி வைப்பார்.
2. பிள்ளையைத் தனியே விடாமல் பேச்சு, நடை, கண் ஆகியவற்றைக் கவனிப்பார்.
3. பெற்றோருக்குச் சொல்லி டாக்டரிடம் காட்டச் செய்வார்.
4. டாக்டர் சொல்லும்வரை விளையாட விடமாட்டார்.

நம் மலையில்

நம்ம ஊர் அரசுப் பள்ளிகளில் தினமும் நர்ஸ் இருப்பதில்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு எப்போதாவதுதான் வரும். கிராம சுகாதார செவிலியருக்கோ பல ஊர் வேலை. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் எஸ்டேட்டுக்குப் போன அம்மா சாயங்காலம்தான் திரும்புவார். காலையில் அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து படுத்துடும். டீச்சருக்குத் தெரிஞ்சது அம்மாவுக்குத் தெரியாது. தூங்குதுன்னு நினைப்போம். அது மயக்கமாகவும் இருக்கலாம். மேல் சிகிச்சைக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்குப் போகணும். அதனால் இருட்டுவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

நர்ஸ் செய்யும் அந்த நாலு வேலையை நாம் பங்கு போட்டுக்கொள்ளலாம். டீச்சர் நேரத்தைச் சீட்டில் எழுதித் தரட்டும். அம்மா வரும்வரை பிள்ளையோடு ஒரு குழு உறுப்பினர் இருக்கட்டும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முதல் 2 நாள் பக்கத்திலேயே ஒருவர் இருந்து கவனியுங்கள். டாக்டர் பார்த்த பிறகு தூங்க விடலாம். இடையில் எழுப்பிப் பார்க்கணுமா என்று அவரிடமே கேளுங்கள்.

உடனே 108 கூப்பிட வேண்டிய அடையாளங்கள்

- நினைவு தப்புதல், எழுப்ப முடியாத தூக்கம்
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
- வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம்
- ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது
- காது, மூக்கில் ரத்தமோ தண்ணீரோ வடிவது

மயங்கிய பிள்ளைக்கு வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீங்க. கழுத்து வலின்னு சொன்னால் தூக்காமல், அசைக்காமல் படுக்க வையுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க.

தேறிய பிறகு

1, 2 நாள் ஓய்வுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம். மரம் ஏறுவது, கபடி எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். பாடம் மறந்தாலோ எரிஞ்சு விழுந்தாலோ சோம்பேறின்னு திட்டாதீங்க. அதுவும் அடியின் விளைவாக இருக்கலாம்.

குழுவில் கலந்து பேச

1. நம் தெருவில் அம்மா வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளை யார் கவனிப்பது?
2. போனில் டவர் கிடைக்காத ஊரில் ராத்திரி யார் வண்டி வரும்? குழுவில் அவசரப் பணம் எவ்வளவு வைக்கலாம்?
3. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடிபட்டால் சீட்டு எழுதும் வழக்கத்தை அங்கே யார் பேசுவது?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.