மறை கழன்ற ஆயில் போல்ட்: வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் அறிய வேண்டியவை

ரங்கே கவுடர் வீதியில் மொத்தக் கடை வைத்திருப்பவரானாலும், அன்னூரிலும் காங்கேயத்திலும் சில்லறை மளிகை நடத்துபவரானாலும், இன்று வண்டி இல்லாமல் வியாபாரம் இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்எல், பஜாஜ் சரக்கு ஆட்டோ, 2005-இல் வந்த டாடா ஏஸ் என்று ஏதாவது ஒன்று நம் கடை வாசலில் நிற்கிறது. அந்த வண்டி ஒரு நாள் நின்றால் நம் லைன் வியாபாரமும் ஒரு நாள் நின்றுவிடுகிறது.

வண்டியை நிறுத்திவிடக்கூடிய சிறு பொருள்களில் ஒன்று, எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் டிரெயின் போல்ட். பழைய ஆயிலை வடிக்க ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றி மாட்டுவது இதைத்தான். இதன் மறை போய்விட்டால் ஆயில் சொட்டும். போல்ட் வழியில் கழன்று விழுந்தால் சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் கொட்டி எஞ்சின் ஜாம் ஆகிவிடும். சிறு தொகையில் முடிய வேண்டிய வேலை எஞ்சின் செலவில் போய் நிற்கும்.

மறை ஏன் போகிறது?

போல்ட் இரும்பு. அது ஏறும் துளையோ பெரும்பாலான வண்டிகளில் அலுமினிய வார்ப்பில் இருக்கிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சண்டை வந்தால் தோற்பது அலுமினியம்தான். காரணங்கள் நான்கு.

1. அளவுக்கு மீறி இறுக்குதல். 12 மி.மீ. டிரெயின் போல்ட்டுகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் இறுக்கம் பல வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரைதான். நம் தராசுக் கணக்கில் சொன்னால், 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடை தொங்குகிற அளவு. அதே ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரு மீட்டராக நீட்டி அதே 10 கிலோ விசையைக் கொடுத்தால் இறுக்கம் நான்கு மடங்காகிறது. தராசுக் கோல் நீண்டால் சிறு கல்லும் பெரும் பாரத்தைத் தூக்கும் என்பது வணிகர்களுக்குத் தெரியாததா?

2. கோணலாக ஏற்றுதல். கையால் சுற்றி ஏற்றாமல் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டால், போல்ட் சாய்ந்து ஏறிப் பழைய மறையை அறுத்துவிடும்.

3. பழைய வாஷர். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கிப் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டது. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் ஆயில் கசியும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். முடிவில் மறை போய்விடும்.

4. பொருந்தாத போல்ட். 12 மி.மீ. போல்ட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மறைக்கு மறை இடைவெளி 1.25, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று வகை உண்டு. ஒன்றின் துளையில் மற்றதை ஏற்றினால் இரண்டு சுற்று போகும், பிறகு அறுக்கும்.

இந்த நான்காவதை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை வருவதற்கு முன் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு மணங்கு என்றிருந்தது. இங்கிலாந்திலும் பட்டறைக்கு ஒரு மறை என்றிருந்த நிலையை மாற்ற, 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்பவர் பொது அளவை முன்வைத்தார். அவர் வைத்த மறையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மறைக்கு 60 டிகிரி. எனவே போல்ட் வாங்கும்போது தடிமனை மட்டும் சொல்லாமல் பழைய போல்ட்டையே கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

கெட்டது போல்ட்டா, துளையா?

இறுக்க இறுக்கப் போல்ட் சும்மா சுற்றினால் உடனே நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். போல்ட்டின் மறை மட்டும் தேய்ந்திருந்தால் புதுப் போல்ட்டோடு வேலை முடிந்தது. போல்ட்டின் பற்களுக்கு இடையே வெள்ளையாக அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால் துளையின் மறை போய்விட்டது என்று பொருள்.

சரி செய்யும் வழிகள்

மறையின் முதல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டேப்பை மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

அடுத்தது, துளையைப் பெரிதாக்கி 12-க்குப் பதில் 14 மி.மீ. போல்ட் போடுவது. செலவு குறைவு, ஆனால் சுற்றுச் சுவர் மெலிந்துவிடும். சுவர் தடித்த இடத்தில் மட்டுமே செய்யலாம். தானே மறை வெட்டிக்கொண்டு ஏறும் 'ஓவர்சைஸ்' போல்ட் தற்காலிக ஏற்பாடுதான்.

மூன்றாவது ஹெலிகாயில். துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, அதற்கென்றே உள்ள டேப் அடித்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுவார்கள். பழைய அளவுப் போல்ட்டே மீண்டும் பொருந்தும், மறையும் முன்னைவிட உறுதி. சுருளின் அடியில் ஒடித்து எடுக்க வேண்டிய சிறு கொக்கி இருந்தால், அது எஞ்சினுக்குள் விழாமல் வெளியே வந்ததா என்று பார்ப்பது அவசியம்.

நான்காவது, லேத்தில் கடைந்த புஷ். உள்ளும் புறமும் மறை வெட்டிய புஷ்ஷைப் பசை போட்டு ஏற்றுவார்கள். அடிக்கடி கழற்றும் இடத்துக்கு இது நீடித்த உழைப்பைத் தரும். நம் கோவைக்கு இதில் குறையே இல்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது முதல் ஆலைகளுக்கு உதிரி பாகம் வேண்டியிருந்தது. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு மோட்டாரும் பம்பும் பெருகின. இன்று பீளமேடு, கணபதி பக்கம் போனால், அளவு சொன்னவுடன் புஷ் கடைந்து தரும் பட்டறை கிடைக்கும்.

வார்ப்பே விரிசல் விட்டிருந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும். ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது. எனவே பாகத்தைக் கழற்றி நன்கு கழுவிய பிறகே செய்ய வேண்டும்.

எம்-சீல் அப்புவதும் டெஃப்லான் டேப் சுற்றுவதும் சரி செய்தல் ஆகாது. அந்தத் துணுக்கு உள்ளே போய் ஆயில் சல்லடையை அடைத்தால் இன்னொரு செலவு.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது

துளையிடும்போது விழும் அலுமினியச் சீவல் எஞ்சினுக்குள் தங்கக் கூடாது. காந்தம் அலுமினியத்தை இழுக்காது. ஆகவே டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசி, அரைச் சுற்று ஏற்றி, திருப்பி எடுத்துத் துடைத்து, மீண்டும் ஏற்ற வேண்டும். கடைசியில் கொஞ்சம் ஆயில் ஊற்றி வடியவிட்டு அலச வேண்டும். துளை நேராக இருப்பதும் முக்கியம். சாய்ந்தால் போல்ட்டின் தலை வாஷரில் சமமாக உட்காராது, கசிவு நிற்காது.

நம் கடமை

சர்வீஸுக்கு விடும்போது, "தம்பி, புது வாஷர் போடுங்க, போல்ட்டை மொதல்ல கையில நாலு சுத்து ஏத்துங்க, பைப் போட்டு முறுக்க வேண்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக நினைக்க மாட்டார். பெரிய அளவுப் போல்ட்டோ புஷ்ஷோ போட்டிருந்தால், அளவை வண்டி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த சர்வீஸில் வேறு கை தொடும்போது அந்த ஒரு வரி உதவும்.

சர்வீஸ் முடிந்த இரவு, குடோனில் கிடக்கும் காலி அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் அட்டை சுத்தமாக இருந்தால் வண்டி பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் போகலாம். கறை தெரிந்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் வண்டி நேரே பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தும்படி டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். வாடிக்கையாளருக்குச் சரக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் போனில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஜாம் ஆன எஞ்சினுக்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இல்லை.